கடை கீழே, வீடு மேலே: சமையலறையைப் புதுப்பிக்கும் உறுப்பினர்கள் கவனத்திற்கு

நம் சங்க உறுப்பினர்களில் பலருக்குக் கடை கீழேயும் குடியிருப்பு மாடியிலும் இருக்கிறது. மதுரை கீழமாசி வீதியானாலும் விருதுநகர் பஜாரானாலும் பழைய கடைத்தெருக்களின் அமைப்பே அப்படித்தான். அப்பா காலத்திலோ தாத்தா காலத்திலோ கட்டிய கட்டடங்கள். அன்றைய சமையலறையில் விறகடுப்பு, அம்மி, ஆட்டுரல், ஒரு நாற்பது வாட் பல்பு, அவ்வளவுதான். இன்று அதே பத்துக்கு எட்டு அறையில் கேஸ் அடுப்பு, மிக்ஸி, கிரைண்டர், பிரிஜ், சிம்னி, குடிநீர் சுத்திகரிப்பான், இண்டக்ஷன் அடுப்பு எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டன. ஒயரும் தளமும் குழாயும் மட்டும் பழையவை.

தனி வீட்டில் சமையலறை வேலை சரியில்லை என்றால் அந்தச் சமையலறையோடு தொல்லை முடிந்துவிடும். நமக்கு அப்படி அல்ல. மேலே குழாய் கசிந்தால் கீழே சர்க்கரை மூட்டை நனைகிறது. மேலே ஒயர் கருகினால் கீழே எண்ணெய் டின்னும் தீப்பெட்டிக் கட்டும் கற்பூரமும் இருக்கின்றன. ஆகவே இந்த விஷயத்தை வியாபாரியின் கண்ணோடு பார்க்க வேண்டியிருக்கிறது. நான் என்ஜினீயர் அல்ல. பருப்பும் வத்தலும் மொத்தமாக வாங்கி விற்பவன். ஆனால் என் வீட்டிலும் உறவுக்காரர்கள் வீட்டிலுமாக நான்கைந்து சமையலறைகள் இடித்துக் கட்டப்பட்டதைக் கூடவே நின்று பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் சிட்டை, பிறகு கொத்தனார்

பெரும்பாலோர் முதலில் கொத்தனாரைக் கூப்பிடுகிறார்கள். மேடை கட்டி, டைல்ஸ் ஒட்டி, வெள்ளை அடித்தபிறகு கடைக்குப் போய் சாமான் வாங்குகிறார்கள். வாங்கி வந்த பிரிஜ் ஒரு அங்குலம் அதிகமாக இருக்கும். சிம்னிக் குழாய் போகும் இடத்தில் பீம் குறுக்கே நிற்கும். கிரைண்டருக்கு அருகில் பிளக் பாயிண்ட் இருக்காது. அப்புறம் புது டைல்ஸை உடைப்பார்கள், அல்லது எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தொங்க விடுவார்கள்.

வரிசையை மாற்றுங்கள். எந்தெந்தச் சாமான் வரப்போகிறது என்பதை வீட்டில் சமைப்பவரோடு உட்கார்ந்து ஒரு சிட்டை போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நீளம், அகலம், உயரம், எத்தனை வாட், தண்ணீர் வேண்டுமா, கழிவுநீர் உண்டா என்று ஆறு கலம். இன்றே வாங்க வேண்டும் என்பதில்லை, மாடலை முடிவு செய்தால் போதும். அந்தச் சிட்டையைப் பார்த்து எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் சுவரில் சாக்பீசால் குறித்தபிறகு கொத்தனார் உளியை எடுக்கட்டும்.

மேடையின் உயரத்தையும் கொத்தனார் வாய்க்கு விட்டுவிடக் கூடாது. அவர் எல்லா வீட்டுக்கும் ஒரே உயரம்தான் வைப்பார். சமைப்பவர் நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால் முழங்கையிலிருந்து நான்கு முதல் ஆறு அங்குலம் கீழே மேடை இருக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் பலருக்கு அது 32 முதல் 34 அங்குலத்துக்குள் வரும். இரண்டு அங்குலத் தப்பு தினமும் நான்கு மணி நேரம் முதுகில் ஏறுகிறது. அடுப்பின் உயரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெரிய குடும்பத்தில் பெரிய பானை வைத்துக் கிளறுபவருக்கு மேடை தாழ்ந்திருந்தால்தான் கை எட்டும்.

தண்ணீர் கீழே இறங்காமல் இருக்க

எங்கள் ஊரில் ஒரு நண்பரின் கடையில் உத்தரத்தை ஒட்டி அடுக்கியிருந்த சர்க்கரை மூட்டைகள் ஒரு மூலையில் மட்டும் கட்டிகட்டியாக இறுகியிருந்தன. மழைக்கால ஓதம் என்று நினைத்து இரண்டு மாதம் ஓடிவிட்டது. பார்த்தால், மேலே சமையல் தொட்டியின் கழிவுக் குழாயைத் தளத்துக்குள்ளேயே பதித்து, முழங்கை இணைப்பு ஒன்றை ஒட்டாமலே சொருகி, மேலே காரை பூசி மூடியிருக்கிறார் குழாய் வேலைக்காரர். சொட்டு சொட்டாக இறங்கிய எச்சில் தண்ணீர் அது. சர்க்கரை போனதை விட, பக்கத்து அடுக்கில் இருந்த நிலக்கடலை பூசணம் பிடித்ததுதான் பெரிய நஷ்டம். பூசணம் பிடித்த கடலையைக் காயவைத்து விற்கும் பேச்சுக்கே இடமில்லை. அதில் உண்டாகும் நஞ்சு வறுத்தாலும் முழுதாகப் போகாது.

ஆகவே கடைக்கு மேலே சமையலறை வைத்திருப்பவர்கள் கழிவுக் குழாயைத் தளத்துக்குள் பதிக்க விடாதீர்கள். தொட்டியை வெளிச்சுவரை ஒட்டி வையுங்கள். குழாய் சுவரைத் துளைத்து நேரே வெளியே போய், வெளிச்சுவரில் கண்ணுக்குத் தெரியும்படி இறங்கட்டும். பார்வைக்கு அழகில்லைதான். கசிந்தால் தெரியும், அடைத்தால் திறக்கலாம். குழாய் இரண்டு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. திரும்பும் இடத்தில் திறந்து சுத்தம் செய்யும் மூடி வைக்கச் சொல்லுங்கள். நம் சமையலில் எண்ணெயும் அரிசி கழுவிய தண்ணீரும் நிறைய. ஒன்றரை அங்குலக் குழாய் ஒரு வருடத்தில் அடைத்துக்கொள்ளும். தொட்டிக்கு அடியில் எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவு இருந்தாக வேண்டும். அது இல்லாவிட்டால் சாக்கடை நாற்றமும் கரப்பானும் அதன் வழியே ஏறி வரும். கரப்பான் மேலே வந்தால் கீழே கடைக்கு வர எவ்வளவு நேரம்?

நல்ல தண்ணீர்க் குழாய்க்கு இப்போது பெரும்பாலும் சி.பி.வி.சி. போடுகிறார்கள். பழைய இரும்புக் குழாய் உப்புத் தண்ணீரில் உள்ளே துருப்பிடித்து அடைப்பதை நாம் அறிவோம். சி.பி.வி.சி. குழாய்க்கு அதற்கென்று உள்ள பசையைத்தான் போட வேண்டும். சாதாரண பி.வி.சி. பசையை வைத்து ஒப்பேற்றுபவர்கள் உண்டு.

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் இரண்டு சோதனை கட்டாயம். ஒன்று, எல்லாக் குழாய் வாயையும் அடைத்துப் பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று சில மணி நேரம் பார்ப்பது. இரண்டாவது, தரையில் நீர்க்காப்புப் பூச்சு பூசிக் காய்ந்தபின், வாசலில் சிறு வரப்பு கட்டி, வெளியேறும் ஓட்டையை அடைத்து, ஒரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தி இரண்டு நாள் விடுவது. அந்த இரண்டு நாளும் கீழே அந்த இடத்துச் சரக்கை நகர்த்திவிட்டு, காலையும் மாலையும் உத்தரத்தை அண்ணாந்து பாருங்கள். ஒப்பந்தக்காரருக்கு இது பிடிக்காது. நாள் வீணாகிறது என்பார். கூலியில் பத்தில் ஒரு பங்கை இந்தச் சோதனை முடிந்தபின்தான் தருவேன் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொண்டால் அவரே தண்ணீர் நிறுத்துவார்.

தொட்டியும் காந்தமும்

எவர்சில்வர் தொட்டி வாங்கும்போது கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டவில்லை பாருங்கள், அசல் 304" என்பார். கலப்படத்தைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்றாலும் இந்த இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். 304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். மலிவான 202 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் சேர்க்கிறார்கள். இரண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. காந்தம் ஒட்டுவது நிக்கலே இல்லாத 430 போன்ற ரகங்களில். ஆகவே காந்தம் ஒட்டினால் சரக்கு மட்டம் என்று சொல்லலாம். ஒட்டாததால் அது 304 என்று சொல்ல முடியாது. பாத்திரக் கடைக்காரர்களும் பழைய இரும்பு வாங்குபவர்களும் ஒரு சோதனைத் திரவம் வைத்திருக்கிறார்கள். ஒரு சொட்டு விட்டால் மாங்கனீஸ் அதிகமுள்ள மட்ட ரகத்தில் சிவக்கும். பழக்கமான பாத்திர வியாபாரி யாராவது இருந்தால் அவரை அழைத்துப் போங்கள். அது முடியாவிட்டால் பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். தகடு ஒரு மில்லிமீட்டர் கனம் இருந்தால் தண்ணீர் விழும் சத்தம் குறையும், குழி விழாது. நம் வீட்டு இட்லிப் பானையும் குக்கரும் படுத்துக் குளிக்க வேண்டுமானால் 24க்கு 18 அங்குலமும் ஒன்பது அங்குல ஆழமும் வேண்டும். இரட்டைத் தொட்டி பார்க்க அழகு. இடம் குறைவான வீட்டில் இரண்டுமே எதற்கும் போதாமல் போகும்.

குழாய்த் திருகு எடுக்கும்போது கையில் தூக்கிப் பாருங்கள். பித்தளை வார்ப்பு கனக்கும். துத்தநாகக் கலவைக்கு மேல் பளபளப்பு ஏற்றியது லேசாக இருக்கும், நம் உப்புத் தண்ணீருக்கு இரண்டு வருடத்தில் பொரிந்துவிடும்.

மேடைக்குக் கறுப்பு கிரானைட் நல்லது. 18 முதல் 20 மில்லிமீட்டர் கனம் இருக்கட்டும். வெள்ளைச் சலவைக்கல்லும் கடப்பைக் கல்லும் சுண்ணாம்பு இனம். எலுமிச்சையும் புளியும் பட்டால் அரித்துப் பளபளப்பு போய்விடும். கடப்பைக் கல்லை மேடைக்குக் கீழே அலமாரித் தட்டுக்கும் தாங்கு சுவருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்குக் கீழ் அலமாரிக் கதவு போடுவதானால் சாதாரணப் பலகை ஊறி உப்பிவிடும். ஐ.எஸ். 710 என்று முத்திரை உள்ள பிளைவுட் வேண்டும், அல்லது பி.வி.சி. பலகை. மரத்தூள் அழுத்திய பலகையை அந்த இடத்தில் வைப்பது அட்டைப் பெட்டியில் வெல்லம் கட்டி மழையில் அனுப்புவது போல.

ஒயரிங் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்

கணக்குப் போடத் தெரிந்தவர்கள் நாம். வாட்டை 230 ஆல் வகுத்தால் எத்தனை ஆம்பியர் என்று வந்துவிடும். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 8.7 ஆம்பியர் இழுக்கும். 1500 வாட் கெட்டில் 6.5 ஆம்பியர். 750 வாட் மிக்ஸி சுமார் 3.3 ஆம்பியர். காலை ஏழு மணிக்கு மூன்றும் ஒன்றாக ஓடினால் 18 ஆம்பியருக்கு மேல். இதை ஒரே ஒயரில் ஏற்றினால் 16 ஆம்பியர் எம்.சி.பி. அடிக்கடி விழும். உடனே அவசரத்துக்கு வரும் எலக்ட்ரீஷியன் 32 ஆம்பியர் எம்.சி.பி. மாற்றிவிட்டு, "இனிமேல் விழாது" என்று சொல்லிப் போவார். உண்மைதான், விழாது. அதற்குப் பதில் சுவருக்குள் ஒயர் சூடேறும். எம்.சி.பி. இருப்பது ஒயரைக் காப்பாற்ற. ஒயரை மாற்றாமல் எம்.சி.பி.யைப் பெரிதாக்குவது, எடை கூடிவிட்டது என்று தராசு முள்ளைக் கட்டிவைப்பதற்குச் சமம்.

சமையலறைக்கு மட்டும் குறைந்தது மூன்று தனி லைன் இழுங்கள். இண்டக்ஷன் அல்லது வேறு சூடேற்றும் சாமானுக்கு ஒன்று. மிக்ஸி, கிரைண்டருக்கு ஒன்று. பிரிஜ்ஜுக்கு ஒன்று. விளக்கு, சிம்னி தனி. 16 ஆம்பியர் பாயிண்டுக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் குறைந்த அளவு. வெந்நீருக்கு 3000 வாட் ஹீட்டர் வைப்பதானால் அதற்கென்று 4 சதுர மி.மீ. ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். பழைய கட்டடங்களில் அலுமினிய ஒயர் இருக்கிறது. அதோடு புதுச் செம்பு ஒயரை முறுக்கி இணைத்தால் அந்த முடிச்சு நாளடைவில் தளர்ந்து சூடேறும். மாற்றுவதானால் மீட்டர் பலகையிலிருந்தே மாற்ற வேண்டும்.

இதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று அவசியம். எம்.சி.பி. ஒயருக்குக் காவல் என்றால் இது மனிதருக்குக் காவல். ஈரக் கையோடு கிரைண்டரைத் தொடும்போது கசிவு இருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும். அதில் சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை, அமாவாசை பூஜைக்குக் கடை கழுவும் அன்று, அதையும் அழுத்திப் பாருங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் எந்தச் சாமான் வாங்கியும் பயனில்லை. பிளக்கில் மூன்றாவது முள் இருப்பதால் எர்த் இருப்பதாக ஆகிவிடாது. அளந்து காட்டச் சொல்ல வேண்டும்.

நம்மவர்களில் சிலர் வீட்டு மீட்டரிலிருந்து கடைக்கோ, கடை மீட்டரிலிருந்து மாடிக்கோ ஒரு லைன் இழுத்திருப்பார்கள். வீட்டுக்கும் கடைக்கும் கட்டண வகை வேறு. வீட்டு இணைப்பைக் கடைக்குப் பயன்படுத்தினால் வாரியம் அபராதம் போடும். அதைவிட, தீ விபத்தின்போது எந்த மெயினை அணைப்பது என்று தெரியாமல் தவிக்க நேரும். புதுப்பிக்கும் இந்தச் சமயத்திலேயே இரண்டையும் முழுதாகப் பிரித்துவிடுங்கள். வீட்டில் சுமை கூடுகிறது என்றால் வாரியத்தில் அனுமதித்த சுமையையும் உயர்த்தி எழுதி வாங்குங்கள்.

கேஸ்

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தவழ்ந்து பள்ளம் தேடும். மாடிச் சமையலறைக்குப் பள்ளம் எது? உள் மாடிப்படிதான். அதன் அடியில் கடை. இரவு மேலே கசிந்த கேஸ் படியிறங்கிக் கடைக்குள் தேங்கி நின்றால், காலையில் ஷட்டரைத் தூக்கி சுவிட்சைப் போடுபவர் நீங்கள்தான். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே தீப்பிடிக்கப் போதும்.

இதற்கு மூன்று ஏற்பாடு. உள்படியின் தலைப்பில் அடியில் இடைவெளி இல்லாத கதவு. சமையலறை வெளிச்சுவரில் தரையை ஒட்டி, எலி வராத சல்லடை போட்ட காற்றுத் துவாரம். பலர் ஜன்னல் இருக்கிறதே என்பார்கள். ஜன்னல் மூன்றடி உயரத்தில் இருக்கிறது, கேஸ் தரையில் இருக்கிறது. மூன்றாவது, படுக்கப் போகும்போது அடுப்புத் திருகை மட்டுமல்லாமல் ரெகுலேட்டரையும் மூடும் பழக்கம். இதற்காக ரெகுலேட்டர் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அழகு கருதி சிலிண்டரை அலமாரிக்குள் ஒளித்துக் கதவில் துவாரமும் வைக்காமல் விடுவது ஆபத்து.

சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். டியூப் ஏஜென்சியில் விற்கும் கம்பி வலை வைத்த சுரக்ஷா டியூப்பாக இருக்கட்டும். அதன் ஆயுள் ஐந்து வருடம், அதன்மேல் அச்சிட்டிருக்கும். அதைச் சுவருக்குள்ளோ கல்லுக்கு அடியிலோ மறைத்துக் கொண்டுபோகக் கூடாது. சிலிண்டர் வெளியே, அடுப்பு உள்ளே என்றால் உலோகக் குழாய் வேலையை ஏஜென்சி அங்கீகரித்த ஆளிடமே கொடுங்கள். சிலிண்டர் வாங்கும்போது மேல் வளையப் பட்டையில் ஏ, பி, சி, டி என்ற எழுத்தோடு வருடம் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், இப்படி மூன்று மூன்று மாதம். அந்தத் தேதிக்குள் சிலிண்டர் மறு சோதனைக்குப் போக வேண்டும். தேதி கடந்ததைத் திருப்பி அனுப்புங்கள். கசிவு வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்.

இன்னொன்று. கடை ஆட்களுக்கும் மாடியில் சமைத்துப் போடுபவர்கள் உண்டு, நல்ல காரியம். ஆனால் 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டும்தான். கடை ஆட்களுக்கு மெஸ் போல நடத்தினால் 19 கிலோ வணிக சிலிண்டர் வாங்க வேண்டும்.

அடுப்பு எடுக்கும்போது கல்லுக்குள் பதிக்கும் கண்ணாடி மேல்தட்டு அடுப்பைத்தான் கடைக்காரர் முதலில் காட்டுவார். துடைக்கச் சுலபம். ஆனால் கனமான பாத்திரத்தைத் தொப்பென்று வைத்தால் கண்ணாடி தாங்காது, பழுது வந்தால் கல்லிலிருந்து கழற்ற வேண்டும். பத்துப் பேருக்குச் சமைக்கும் வீட்டில் கனத்த தாங்கியும் பித்தளை பர்னரும் உள்ள எவர்சில்வர் அடுப்பே உழைக்கும். இண்டக்ஷனில் இரும்பு அடிப்பாகம் உள்ள பாத்திரம் மட்டுமே சூடாகும். அலுமினியக் குண்டானும் பித்தளை உருளியும் ஆகாது. பாத்திரம் மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

சிம்னி, பிரிஜ், கிரைண்டர்

சிம்னிப் பெட்டியில் மணிக்கு இத்தனை கன மீட்டர் இழுக்கும் என்று போட்டிருப்பது குழாய் மாட்டாமல் அளந்தது. குழாய் நீளமும் வளைவும் கூடக்கூட இழுவை குறையும். ஆறு அங்குலக் குழாயை நடுவில் நான்கு அங்குலமாகச் சுருக்கிச் சுவர் ஓட்டைக்குள் திணித்தால், விலையுயர்ந்த சிம்னி சத்தம் மட்டும் போடும். அடுப்பிலிருந்து 26 முதல் 30 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். தாளிப்பும் வறுவலும் உள்ள நம் வீட்டுக்கு வலை வடிகட்டி சீக்கிரம் பிசுக்கேறி அடைக்கும். மடிப்புத் தகடு வைத்தது மேல். குழாய் இல்லாமல் கரி வடிகட்டி வைத்துக் காற்றை உள்ளேயே விடும் சிம்னியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். நல்ல ஜன்னல் உள்ள அறையில் 300 மி.மீ. எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றே பல வீடுகளுக்குப் போதும். அதை யாரும் சொல்லமாட்டார்கள், அதில் லாபம் குறைவு. எதை வைத்தாலும் புகை வெளியேறும் வாய் கடையின் முற்றத்தைப் பார்த்து இருக்க வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு சாக்கின்மேல் படியும்.

பிரிஜ்ஜில் நட்சத்திர முத்திரையைப் பார்க்கும்போது அதில் உள்ள வருடத்தையும் பாருங்கள். நட்சத்திரத்துக்கான அளவுகோலை அவ்வப்போது இறுக்குகிறார்கள். பழைய வருடத்து ஐந்து நட்சத்திரம் புது அளவுகோலில் நான்காகவோ மூன்றாகவோ இறங்கியிருக்கலாம். தேங்கிய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளுவது எந்த வியாபாரத்திலும் உண்டு. பின்னால் நான்கு அங்குலமாவது காற்றுக்கு விடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கிரைண்டரை மேடைமேல் வைத்தால் பாதி மேடை போய்விடும், தினமும் தூக்கி இறக்கினால் இடுப்பு போய்விடும். ஒன்றரை அடி உயரத்தில் கடப்பைக் கல்லில் அதற்கென்று ஒரு நிரந்தர இடமும் பக்கத்தில் ஒரு பிளக்கும் வைத்துவிடுங்கள். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பெட்டியில் கோவை என்று எழுதியிருப்பதெல்லாம் அங்கே செய்தது அல்ல, தயாரிப்பாளர் முகவரியைப் படியுங்கள்.

குடிநீர் சுத்திகரிப்பான் விற்பவர் எல்லோருக்கும் ஆர்.ஓ. என்பார். உங்கள் தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால், அது இந்தியத் தர நிர்ணயம் ஏற்கும் அளவு. அதற்குக் கிருமி நீக்கும் புற ஊதா விளக்கு வைத்தது போதும். ஆர்.ஓ. வைத்தால் அது கழிக்கும் தண்ணீர் குடிக்கக் கிடைப்பதைவிட அதிகமாக இருக்கும். அந்தக் கழிவுக் குழாயைத் தொட்டிக்குள் விடாமல் வாளிக்குள் விட்டுத் தரை கழுவ வைத்துக்கொள்ளலாம்.

பில், இன்ஷூரன்ஸ், நாள் பார்ப்பது

வீட்டுக்கு வாங்கும் சாமானுக்குக் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்துப் பில் போட்டு, உள்ளீட்டு வரியை எடுத்துக்கொள்ளச் சொல்லும் யோசனைக்காரர்கள் இருக்கிறார்கள். சொந்த உபயோகப் பொருளுக்கு அந்த வரவு கிடையாது என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. எடுத்தால் பின்னால் வட்டியோடு கட்ட வேண்டிவரும். வீட்டுப் பெயரில் பில் வாங்கி, கடைப் பணத்தில் கொடுத்திருந்தால் சொந்த எடுப்பாகப் பற்று எழுதுங்கள். எல்லாச் சாமானின் பில், உத்தரவாத அட்டை, வரிசை எண் மூன்றையும் ஒரே கவரில் வைத்துவிடுங்கள். பொருத்திக் கொடுக்கக் கம்பெனி ஆள் வந்தால், பொருத்திய தேதியை அட்டையில் எழுதி முத்திரை வாங்குங்கள்.

வேலையை எப்போது வைத்துக்கொள்வது? புரட்டாசி முதல் தை வரை நமக்கு வியாபாரம், வானத்துக்கு மழை. இரண்டும் ஆகாது. ஆடியில் கடையில் கூட்டம் குறைவு. ஆடியில் தொடங்கக் கூடாது என்ற எண்ணம் உள்ளவர்கள் ஆனிக் கடைசியில் பூஜை போட்டு ஆரம்பித்துவிடுவார்கள். இடிக்கும் நாட்களில் கீழே உள்ள சரக்கைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். வத்தல் மல்லியில் சிமெண்ட் தூசி படிந்தால் எடுக்க முடியாது. அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் என்று அடுப்பைக் கிட்டங்கிக்குள் இறக்கி வைப்பதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். உறவுக்காரர் வீட்டிலோ கேரியர் சாப்பாட்டிலோ ஓட்டிவிடலாம்.

கடைசியாக இன்ஷூரன்ஸ். 2021 ஏப்ரல் முதல் ஓரிடத்தில் ஐந்து கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழில்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பொதுப் பாலிசி இருக்கிறது. தீயோடு, தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்துப் பெருகி வரும் சேதத்தையும் அது ஏற்கிறது. சிறுகச் சிறுகக் கசிந்து ஊறிய சேதத்தை அந்தக் கணக்கில் வாங்குவது கஷ்டம். கடைச் சரக்குக்கு எடுத்த பாலிசி மாடி வீட்டுச் சாமானுக்கு ஆகாது. வீட்டுக்கு பாரத் கிருஹ ரக்ஷா என்று தனியாக இருக்கிறது. இரண்டு விண்ணப்பத்திலும் கட்டடத்தின் கீழ்ப்பகுதி கடை, மேல்பகுதி குடியிருப்பு, மாடியில் கேஸ் அடுப்பு உள்ள சமையலறை இருக்கிறது என்பதை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். புது ஒயரிங் முடிந்ததும் லைசென்ஸ் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடம் சோதனை அறிக்கை வாங்கி, அதன் நகலை ஏஜெண்டிடம் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.